துறைக்குள் முதல் ரேங்க், சந்தையில் நடு ரேங்க்: எதை வைத்துப் பங்குகளை ஒப்பிடுவது?

காவிரிக்கரை

வணக்கம். நிஃப்டி 500 பட்டியலோடு (என்எஸ்இ, அதாவது தேசியப் பங்குச்சந்தை தொகுக்கும் 500 கம்பெனிகள்) நான் கவனித்து வரும் சில சிறு பங்குகளையும் சேர்த்து எக்செல்லில் ஒரு ஷீட் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் இரண்டு ரேங்க். மொத்தச் சந்தையில் எங்கே நிற்கிறது என்பது ஒன்று, தன் துறைக்குள் எங்கே நிற்கிறது என்பது இன்னொன்று. பி/இ (ஒரு பங்கின் ஆண்டு லாபத்துக்கு விலை எத்தனை மடங்கு), விலைக்கும் புத்தக மதிப்புக்கும் (கடன் போக மிஞ்சும் சொத்து) உள்ள விகிதம், ஆர்ஓஇ (பங்குதாரர் மூலதனத்தின் மீதான லாப சதவீதம்), கடன் விகிதம் (அந்த மூலதனத்துக்கு எத்தனை மடங்கு கடன்), 5 ஆண்டு லாப வளர்ச்சி ஆகிய ஐந்தையும் 100-க்கு மாற்றி சராசரி எடுக்கிறேன்.

சிக்கல் இதுதான். நான் முக்கியமாகப் பார்க்க நினைத்தது நம் ஊர் வங்கிகள் மூன்றை: சிட்டி யூனியன், கரூர் வைஸ்யா, தமிழ்நாடு மெர்கன்டைல். துறை ரேங்கில் மூன்றும் மேல் பாதியில் வருகின்றன. சந்தை ரேங்கில் நடுவுக்கும் கீழே போய்விடுகின்றன. பெயின்ட் கம்பெனியும் சோப்பு கம்பெனியும் எப்போதும் உச்சியில். இரண்டில் எந்த ரேங்கை நம்புவது? இரண்டையும் கூட்டி ஒன்றாக்கிவிடலாமா?

வட்டிக்கணக்கு

தம்பி, முதலில் அந்தக் கடன் விகிதத்தை வங்கிகளுக்கு எடுத்துவிடுங்கள். வங்கியில் டெபாசிட்தான் மூலப்பொருள். நூறு ரூபாய் சொத்தில் தொண்ணூறு ரூபாய் அடுத்தவர் பணமாக இருப்பதுதான் அந்தத் தொழிலின் இயல்பு. அதைச் சிமென்ட் கம்பெனியின் கடனோடு ஒரே வரிசையில் நிறுத்தினால் இந்தியாவின் எல்லா வங்கிகளும் கடைசி பெஞ்சுக்குப் போகும்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. என்எஸ்இ தன் நிஃப்டி 200 குவாலிட்டி 30 குறியீட்டுக்கு ஆர்ஓஇ, கடன் விகிதம், இபிஎஸ் (ஒரு பங்குக்கான லாபம்) வளர்ச்சியின் ஏற்ற இறக்கம் மூன்றையும் எடுக்கிறது. நிதித்துறை நிறுவனங்களுக்குக் கடன் விகிதத்தை மட்டும் விட்டுவிடுகிறது. அமெரிக்க முதலீட்டாளர் ஜோயல் கிரீன்பிளாட் தன் 'மேஜிக் ஃபார்முலா'வில் மலிவுக்கு ஒரு ரேங்க், மூலதன வருவாய்க்கு ஒரு ரேங்க் போட்டு இரண்டையும் கூட்டினார். அவரும் நிதி நிறுவனங்களையும் மின்சாரம் போன்ற சேவை நிறுவனங்களையும் ஆரம்பத்திலேயே வெளியே நிறுத்திவிட்டார்.

வங்கிக்கு ஷீட்டில் வேறு பத்திகள் வேண்டும். சொத்து மீதான வருவாய் (ஆர்ஓஏ), மொத்த வாராக்கடன் (கொடுத்த கடனில் திரும்பாமல் நிற்பது எத்தனை சதவீதம்), நிகர வாராக்கடன் (அதற்கென ஒதுக்கிய பணம் போக மீதி), ஒதுக்கீடு எவ்வளவு, காசா (நடப்பு, சேமிப்புக் கணக்கு) டெபாசிட் எவ்வளவு, மூலதனப் போதுமை விகிதம் (இடருக்கேற்ப எடை போட்ட கடன்களுக்கு எதிராக வங்கியின் மூலதனம் எத்தனை சதவீதம்). இவை சந்தை முழுவதற்கும் கிடையாது. அதனால் வங்கிக்குத் துறை ரேங்க்தான், வேறு வழி இல்லை.

எண்கணிதன்

ஷீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பி/இ-ஐ நேரடியாக ரேங்க் செய்யாதீர்கள். நஷ்டக் கம்பெனிக்கு பி/இ மைனஸில் வரும். சின்ன எண்ணே மலிவு என்று ஷீட் நினைத்து அதை முதலிடத்தில் உட்கார வைக்கும். திருப்பிப் போட்டு, லாபத்தை விலையால் வகுத்தால் நஷ்டக் கம்பெனிகள் தானாகக் கீழே இறங்கும். புத்தக மதிப்புக்கும் இதே வைத்தியம்.

எண் இல்லாத இடத்தில் பூஜ்யம் போடுவது இன்னொரு வழக்கமான கோளாறு. வெற்றாக விட்டு, இருக்கும் பத்திகளை மட்டும் சராசரி எடுங்கள்.

அப்புறம் துறையில் எத்தனை பேர் என்று பாருங்கள். நான்கு பேர் உள்ள துறையில் பெர்சென்டைல் (100-க்கு மாற்றிய ரேங்க்) என்பது வெறும் அலங்காரம். முதலிடம் என்றால் நூறு, அடுத்தவர் 67. அந்த 33 புள்ளி வித்தியாசத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் ஒரு படி மேலே உள்ள பெரிய துறையோடு சேர்த்துவிடுவது என் பழக்கம்.

மாட்டுத்தாவணி

இவ்வளவு கஷ்டப்படுவதற்கு சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டு வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமே. சும்மா கேட்டேன்.

நெறியாளர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே நன்றாகவே சண்டை போகிறது. இங்கே வாங்கு, விற்றுவிடு என்ற பரிந்துரையும் வேண்டாம். தலைப்புக்குள் பேசுவோம்.

நெல்லைச்சீமை

இரண்டு ரேங்கும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில். என் பணம் எந்தத் தொழிலில் இருக்கலாம் என்பதற்குச் சந்தை ரேங்க் உதவும். அந்தத் தொழிலை யார் நன்றாக நடத்துகிறார்கள் என்பதற்குத் துறை ரேங்க். கூட்டி ஒன்றாக்கினால் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காது.

சந்தை ரேங்கில் ஓர் ஆபத்தும் உண்டு. டாடா ஸ்டீலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-22 நிதியாண்டில் ஒருங்கிணைந்த (துணை நிறுவனங்களையும் சேர்த்த) லாபம் 41,000 கோடியைத் தாண்டியது. பி/இ ஒற்றை இலக்கத்தில் கிடந்தது. எந்த மலிவுப் பட்டியலிலும் அது மேலேதான் இருந்திருக்கும். 2023-24-ல் அதே கம்பெனி 4,900 கோடி அளவுக்கு நஷ்டம் காட்டியது. உலோகத் தொழிலில் பி/இ குறைவாகத் தெரியும் நேரம் பல சமயம் லாபத்தின் உச்சி. இந்த மாதிரி சுழற்சித் தொழில்களுக்கு ஒரு வருட லாபத்தை வைத்து ரேங்க் போடவே கூடாது, ஏழெட்டு வருடச் சராசரி வேண்டும் என்பது என் கட்சி.

துறை ரேங்கும் சுத்தமானது இல்லை, துறையை யார் பிரித்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஐடிசி லாபத்தின் பெரும்பகுதி சிகரெட்டில் வருகிறது. ஆனால் என்எஸ்இ வகைப்பாட்டில் அது இந்துஸ்தான் யூனிலீவரோடு பலவகை நுகர்பொருள் குழுவில் இருக்கிறது. காட்ஃப்ரே பிலிப்ஸும் விஎஸ்டியும் புகையிலைக் குழுவில். சோப்புக் கம்பெனிக்கு எதிராகப் பார்த்தால் ஐடிசி மலிவு. சிகரெட் கம்பெனிகளுக்கு எதிராகப் பார்த்தால் கதை வேறு மாதிரி. அமெரிக்காவில் விசாவும் மாஸ்டர்கார்டும் 2023 மார்ச் வரை தொழில்நுட்பத் துறையில் இருந்தன, பிறகு நிதித் துறைக்கு மாற்றப்பட்டன. தொழிலில் எதுவும் மாறவில்லை, பக்கத்தில் நிற்பவர்கள்தான் மாறினார்கள். துறை ரேங்க் ஒரே நாளில் வேறு.

காவிரிக்கரை

நன்றி. கடன் பத்தியை எடுத்தேன், பி/இ-ஐத் திருப்பிவிட்டேன். மூன்று வங்கிகளும் இன்னும் மேலே வந்துவிட்டன.

என்எஸ்இ தனியார் வங்கிகள் என்ற ஒரே குழுவில் எச்டிஎஃப்சி வங்கியையும் தனலட்சுமி வங்கியையும் வைத்திருக்கிறது. அதனால் தெற்கத்திப் பழைய தனியார் வங்கிகளை மட்டும் தனிக் குழுவாக எடுக்க நினைக்கிறேன். இது போதுமா? சரியான கூட்டத்தில் நிறுத்தி, சரியான பத்திகளை வைத்துவிட்டால் ரேங்கை நம்பலாம் அல்லவா?

வட்டிக்கணக்கு

> சரியான கூட்டத்தில் நிறுத்தி, சரியான பத்திகளை வைத்துவிட்டால் ரேங்கை நம்பலாம் அல்லவா?

இந்த இடத்தில்தான் நான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் அதே கூட்டத்தை 2020 மார்ச் முடிவில் நிறுத்துவோம். மெர்கன்டைல் அப்போது பட்டியலிடப்படவில்லை, 2022 செப்டம்பரில்தான் சந்தைக்கு வந்தது. மீதியில் ஏழு வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம்:

ஃபெடரல் 2.84%
சிட்டி யூனியன் 4.09%
கர்நாடகா வங்கி 4.82%
சவுத் இந்தியன் 4.98%
தனலட்சுமி 5.90%
கரூர் வைஸ்யா 8.68%
லக்ஷ்மி விலாஸ் 25.39%

ரேங்க் போட்டால் ஒன்று முதல் ஏழு. கரூர் வைஸ்யா ஆறு, லக்ஷ்மி விலாஸ் ஏழு. இரண்டும் கரூரில் பிறந்தவைதான். 1916-ல் ஒன்று, 1926-ல் ஒன்று. ஷீட்டைப் பொறுத்தவரை கடைசி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர். சிட்டி யூனியனுக்கும் கர்நாடகா வங்கிக்கும் இடையே 0.73 புள்ளி, அது ஒரு ரேங்க். கரூர் வைஸ்யாவுக்கும் லக்ஷ்மி விலாஸுக்கும் இடையே கிட்டத்தட்ட 17 புள்ளி, அதுவும் ஒரு ரேங்க்.

பள்ளிக்கூட ரேங்க் கார்டில் 40-வது ரேங்க் வாங்கியவன் 34 மார்க்கில் தவறினானா, பூஜ்யம் வாங்கினானா என்று தெரியாது. அதே கோளாறுதான்.

இப்போது மூலதனப் போதுமையைப் பாருங்கள். கரூர் வைஸ்யாவிடம் 17 சதவீதத்தை ஒட்டி இருந்தது. லக்ஷ்மி விலாஸிடம் 1.12. ரிசர்வ் வங்கி கேட்கும் அளவில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு முன்பே 2019 செப்டம்பரில் அந்த வங்கியை உடனடித் திருத்த நடவடிக்கையின் (நலிந்த வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போடும் கட்டுப்பாடு) கீழ் கொண்டுவந்திருந்தார்கள், அக்டோபரில் இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்துடனான இணைப்பை ரிசர்வ் வங்கி மறுத்தது. இரண்டு வருடம் தொடர்ந்து 800 கோடிக்கு மேல் நஷ்டம். 2020 நவம்பர் 17-ல் தடைக்காலம் அறிவிப்பு, ஒரு ஆள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. 27-ஆம் தேதி சிங்கப்பூர் வங்கியான டிபிஎஸ்ஸின் இந்திய நிறுவனத்தோடு இணைப்பு. டெபாசிட்காரர்களுக்குச் சேதம் இல்லை. பங்குதாரர்களுக்கு மதிப்பு பூஜ்யம், பங்கே ரத்து.

அதே 2020 மார்ச்சில் கரூர் வைஸ்யா பங்கும் 20 ரூபாய்க்கு அருகே வந்தது. புத்தக மதிப்பில் சுமார் கால் பங்கு. வாராக்கடனில் கடைசிக்கு முந்தைய ரேங்க். லாபம் 235 கோடி. அந்த ஜூலையில் ஸ்டேட் வங்கியிலிருந்து வந்த பி. ரமேஷ் பாபு நிர்வாக இயக்குநரானார். அதற்குப் பிறகு வருடாந்தர லாபம் இப்படிப் போனது: 359, 673, 1,106, 1,605, 1,942 கோடி. 2025 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 0.76%.

அன்றைக்கு ரேங்கை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே குப்பைத் தொட்டி. எண்ணைப் பார்த்தவருக்கு, ஒன்று காயத்தைத் தாங்க மூலதனம் இருந்த வங்கி, மற்றது தாங்க எதுவுமே இல்லாத வங்கி. நான் ரேங்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் வாசற்படி வையுங்கள்: மூலதனம் இவ்வளவுக்குக் கீழே என்றால் உள்ளே வராதே, நிகர வாராக்கடன் இவ்வளவுக்கு மேலே என்றால் வராதே. உள்ளே வந்தவர்களுக்கு மட்டும் ரேங்க் போடுங்கள்.

மாட்டுத்தாவணி

இதைப் படித்தபிறகு இன்டெக்ஸ் ஃபண்டு ஜோக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இல்லை, வாங்கவில்லை. இன்டெக்ஸில் இருந்திருந்தால் இந்த இரண்டைப் பற்றியும் எனக்குக் கவலையே இருந்திருக்காது.

எண்கணிதன்

வட்டிக்கணக்கு சார் சொன்னதில் எனக்கு உடன்பாடுதான், ஆனால் ஒரு முரண்டு. 2025-ல் உட்கார்ந்து 2020-க்கு வாசற்படி வைப்பது சுலபம். 8.68 உள்ளே வரும்படியும் 25.39 வெளியே நிற்கும்படியும் கோடு எங்கே கிழித்தாலும் பொருந்தும். கதவின் உயரத்தை முடிவு தெரிந்த பிறகு அளந்தால் அது கதவே இல்லை.

தூரம் தொலைந்துபோவதற்கு மாற்று, ரேங்குக்குப் பதிலாகத் துறையின் இடைநிலை மதிப்பிலிருந்து (வரிசையில் நடுவில் நிற்கும் எண்) எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்ப்பது. மேலே உள்ள ஏழில் இடைநிலை 4.98. அதிலிருந்து கரூர் வைஸ்யா 3.7 புள்ளி தள்ளி, லக்ஷ்மி விலாஸ் 20.4 புள்ளி தள்ளி. ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இதன் குறை என்ன என்றால், ஒரே ஒரு கோணல் எண் மொத்த மதிப்பெண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். ரேங்க் அப்படிப்பட்ட எண்களை அடக்கும். அதனால் நான் இரண்டு பத்தியும் வைக்கிறேன், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் மட்டும் ஆண்டறிக்கையைத் திறக்கிறேன்.

இன்னொன்று. இன்றைக்கு எந்தத் தளத்தில் தனியார் வங்கிகளை வடிகட்டினாலும் லக்ஷ்மி விலாஸ் வராது. செத்தவர்கள் பட்டியலில் இருப்பதில்லை. பழைய ஆண்டுகளில் மலிவு ரேங்க் எப்படி வேலை செய்தது என்று இன்றைய பட்டியலை வைத்துச் சோதித்தால் பிழைத்தவர்கள் மட்டுமே தெரிவார்கள், மலிவாக வாங்கினால் எப்போதும் லாபம் என்று தோன்றும். தேதியும் முக்கியம். மார்ச் முடிவுக் கணக்கை வெளியிட பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி 60 நாள் அவகாசம் உண்டு. ஏப்ரல் 1-ல் அந்த எண்ணை வைத்து ரேங்க் போட்டதாகச் சோதனை செய்தால், அன்றைக்கு யாருக்கும் தெரியாத எண்ணைப் பயன்படுத்துகிறீர்கள்.

வட்டிக்கணக்கு

> கதவின் உயரத்தை முடிவு தெரிந்த பிறகு அளந்தால் அது கதவே இல்லை

நியாயமான கேள்வி. ஆனால் அந்த உயரத்தை நான் அளக்கவில்லை தம்பி, ரிசர்வ் வங்கி முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. வங்கி மூலதனத்துக்கான பாசல் 3 விதிப்படி மூலதனப் போதுமை 9 சதவீதம் இருக்க வேண்டும், பாதுகாப்பு உபரியையும் சேர்த்தால் அதற்கும் மேலே. 2019 மார்ச்சிலேயே லக்ஷ்மி விலாஸ் 8-க்குக் கீழே இருந்தது. அது வீழ்ந்ததோ 2020 நவம்பரில்.

நெல்லைச்சீமை

போகும் திசையையும் பத்தியாக வைக்கலாம். இந்த வருட ரேங்க், மூன்று வருடத்துக்கு முந்தைய ரேங்க், வித்தியாசம். அமெரிக்கக் கணக்கியல் பேராசிரியர் ஜோசப் பியோட்ரோஸ்கி 2000-ல் வெளியிட்ட 9 புள்ளிச் சோதனையில் பல புள்ளிகள் போன வருடத்தைவிட மேலா கீழா என்பதுதான். அவர் அதைப் புத்தக மதிப்போடு ஒப்பிட்டால் மலிவாகக் கிடக்கும் பங்குகளுக்காகவே செய்தார், அதில் தேறுவது யார் தேறாதது யார் என்று பிரிக்க. நடப்புச் சொத்து விகிதம், மொத்த லாப விகிதம் எல்லாம் வங்கிக்குப் பொருந்தாது, எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முல்லைவனம்

நான் கணக்குத் தணிக்கைப் பக்கம் இருப்பவள். ரேங்க் போடுவதற்கு முன்பு எண்ணையே சந்தேகப்படுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். வங்கிக்கு வெளியே இருந்து நான்கு உதாரணம்.

இந்துஸ்தான் யூனிலீவர் 2020 ஏப்ரலில் ஹார்லிக்ஸ் விற்று வந்த ஜிஎஸ்கே கன்ஸ்யூமரை இணைத்துக்கொண்டது. பங்குகளாகக் கொடுத்ததால் நிகர மதிப்பு சுமார் 8,000 கோடியிலிருந்து 47,000 கோடிக்கு மேல் வீங்கியது. 80-க்கு மேல் இருந்த ஆர்ஓஇ 20-க்குக் கீழே வந்தது. சோப்பு வியாபாரம் கெட்டுப்போனதாக ஷீட் சொல்லும். லாபமோ அந்த வருடம் கூடியது.

நெஸ்லே இந்தியா டிசம்பர் கணக்கிலிருந்து மார்ச் கணக்குக்கு மாறியபோது 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டு 15 மாதம். அந்த வருடத்து வளர்ச்சி ரேங்கையும் அடுத்த வருடத்து வளர்ச்சி ரேங்கையும் அப்படியே எடுத்தால் இரண்டுமே பொய்.

ஐடிசி தன் ஹோட்டல் பிரிவை 2025 ஜனவரி 1 முதல் பிரித்தது. அதனால் புத்தகத்தில் மட்டும் வந்த லாபம் 15,000 கோடிக்கு மேல். பணமாக வந்த லாபம் இல்லை. அதைக் கழிக்காமல் பி/இ போட்டால் ஐடிசி திடீரென்று மலிவாகிவிடும். நெல்லைச்சீமை அண்ணன் சொன்ன ஒப்பீட்டில் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிவிஎஸ் மோட்டார். ஒருங்கிணைந்த கணக்கில் டிவிஎஸ் கிரெடிட் என்ற கடன் கொடுக்கும் கம்பெனியின் கடனும் சேர்ந்து வரும். ஹீரோவோடு ஒப்பிட்டால் டிவிஎஸ் கடனில் மூழ்கியதுபோல் தெரியும். தனிக் கணக்கை எடுத்தால் அப்படி இல்லை. ஆனால் எல்லாருக்கும் தனிக் கணக்கு எடுத்தால் வெளிநாட்டுத் துணை நிறுவனங்களில் வியாபாரம் நடத்தும் கம்பெனிகள் தவறாகத் தெரியும். ஒரு குழுவுக்குள் எல்லாருக்கும் ஒரே மாதிரி எடுங்கள், எந்த மாதிரி என்பதைக் குழுவுக்குக் குழு முடிவு செய்யுங்கள்.

2019 ஏப்ரலில் வந்த குத்தகைக் கணக்கு முறையையும் சேர்த்துக்கொள்ளலாம். கடை வாடகை கடனாக மாறிவிட்டதால் ஜவுளிக்கடைச் சங்கிலிகளும் விமான நிறுவனங்களும் ஒரே இரவில் கடன்காரர்கள் ஆனார்கள். அதற்கு முந்தைய வருடங்களோடு திசை பார்க்கும்போது கவனம்.

காவிரிக்கரை

முல்லைவனம் மேடம், என் ஷீட்டில் நெஸ்லே வளர்ச்சியில் முன்னணியில் நிற்கிறது. இப்போதுதான் காரணம் புரிகிறது.

வங்கிகளுக்கு மட்டும் மறுபடி போட்டேன். வாசற்படி மூலதனம், பிறகு ஆர்ஓஏ, மொத்த வாராக்கடன், மூன்று வருட மாற்றம். 2025 மார்ச் எண்களில் வாராக்கடன் கரூர் வைஸ்யா 0.76, மெர்கன்டைல் 1.25, சிட்டி யூனியன் 3.09. லாபம் முறையே 1,942, 1,183, 1,124 கோடி. திசையில் கரூர் வைஸ்யா வெகுதூரம் முன்னே. ஆனால் ஆர்ஓஏவில் மூன்றிலும் மெர்கன்டைல்தான் மேலே, அதுவே புத்தக மதிப்புக்கு மூன்றிலும் மலிவு. தரத்தில் மேலே, விலையில் கீழே. ஷீட் இதை முதலிடத்தில் வைக்கிறது. சந்தை கவனிக்கவில்லையா, எனக்குத் தெரியாத ஏதாவது இருக்கிறதா?

வட்டிக்கணக்கு

இரண்டாவதாகச் சொன்னதில்தான் எப்போதும் முதலில் தேடுவேன். மெர்கன்டைலின் பங்கு வெளியீட்டு ஆவணத்தை எடுத்து இடர்க் காரணிகள் பகுதியைப் படியுங்கள். பங்கு உரிமை குறித்த பழைய வழக்குகள் அதில் விரிவாக இருக்கின்றன. கடன் புத்தகத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்குள். கடன் வளர்ச்சியை மற்ற இரண்டோடு வைத்துப் பாருங்கள். இவை எதுவும் ஆர்ஓஏ பத்தியில் வராது. இவற்றுக்காகச் சந்தை கழிக்கும் தொகை சரியா, அதிகமா என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அதை ஷீட் செய்யாது.

1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கியது, நூறு வருடம் கழித்துத்தான் பங்குச்சந்தைக்கு வந்தது. நிதானமான வங்கி. நிதானத்துக்குச் சந்தை எப்போதும் நல்ல விலை தருவதில்லை, அதுவும் உண்மை.

எண்கணிதன்

வளர்ச்சியை ஒரு பத்தியாகச் சேர்த்தால் முதலிடம் மாறலாம். சேர்க்காவிட்டால் மாறாது. எந்தப் பத்திக்கு எவ்வளவு எடை என்று நீங்கள் முடிவு செய்யும் இடத்திலேயே ரேங்கில் பாதி முடிவாகிவிடுகிறது. எடைகளைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். அப்போதும் முதல் மூன்றுக்குள் நிற்பவர்களை மட்டும் படியுங்கள்.

காவிரிக்கரை

அசைத்தேன். சம எடையில் மெர்கன்டைல், திசைக்கு இரட்டை எடை கொடுத்தால் கரூர் வைஸ்யா. சிட்டி யூனியன் இரண்டிலும் மூன்றாவது. சரி, மூன்று ஆண்டறிக்கையையும் இறக்கி வைத்திருக்கிறேன். ஷீட்டையும் குழு வாரியாகத் தனித்தனித் தாளாகப் பிரித்துவிட்டேன், சந்தை ரேங்க் பத்தியை வங்கித் தாளிலிருந்து நீக்கியாயிற்று.

ஒரு சந்தேகம் பாக்கி. எல்ஐசி, எச்டிஎஃப்சி லைஃப் போன்றவற்றை எந்தத் தாளில் போடுவது? பி/இ போட்டால் விநோதமாக வருகிறது.

முல்லைவனம்

அவற்றுக்குத் தனித் தாள்தான். ஆயுள் காப்பீட்டில் பி/இ-ஐவிட உள்ளார்ந்த மதிப்புக்கு (எம்பெடட் வேல்யூ: நிகரச் சொத்தும், ஏற்கெனவே விற்ற பாலிசிகளில் இனி வரும் லாபத்தின் இன்றைய மதிப்பும்) எத்தனை மடங்கு விலை என்று பார்ப்பார்கள், புது வணிகத்தின் லாப விகிதத்தையும் சேர்த்து. பொதுக் காப்பீட்டை அதோடு கலக்காதீர்கள், அங்கே கேட்க வேண்டியது கோரிக்கையும் செலவும் சேர்ந்து பிரீமியத்தில் எத்தனை சதவீதம் என்பது. பட்டியலில் இருக்கும் கம்பெனிகள் குறைவு, அதனால் பெர்சென்டைல் போடவே வேண்டாம். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே போதும்.